மாரிக்கு ஒரு கொடி

சரவணையில் பூங்கொடி போட நினைப்பவர் முதலில் கலண்டரைப் பார்க்க வேண்டும். மண்ணையும் பசளையையும் பிறகு பார்க்கலாம். சரவணை இருக்கிற வேலணைத் தீவில் ஆறு கிடையாது. குளங்கள் சித்திரைக்குள் வெடித்துக் கிடக்கும். எங்களுக்குக் கிடைப்பதெல்லாம் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்கிற மழைதான். அது சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் உள்ள கடல் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால் கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் கணக்கு. கேட்க ஆறுதலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கணக்கு மறுபக்கமும் ஓடும். மேலே ஒரு அடி இறங்கினால் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். ஆனி, ஆடியில் மோட்டரைக் கூட நேரம் ஓடவிட்டவர் அதைத் தன் தேத்தண்ணியிலேயே கண்டுகொள்வார்.

மல்லிகை, முல்லை எல்லாம் எனக்கும் விருப்பம். ஆனால் அவை வருசம் முழுக்க உயிரோடு இருக்க வேண்டியவை. மழையில்லாத மாதங்களில் அவற்றைத் தாங்குவதற்கு வீட்டுக் கிணறுதான் கை கொடுக்க வேண்டும். கிணறு சவராகிற காலத்தில் குடிக்கவே பவுசர் தண்ணீரைப் பார்த்திருக்கிறோம். அந்தத் தண்ணீரில் ஒரு வாளியைப் பூங்கொடிக்கு ஊற்றினால் வீட்டில் ஏச்சு விழும், விழவும் வேண்டும். ஒரு வருசக் கொடியில் இந்தத் தொல்லை இல்லை. மழையோடு முளைக்கும், மழையோடு ஏறும், கிணறு நல்லாயிருக்கும்போதே பூக்கும், சவர் தட்டமுன் விதையாகிவிடும். வெயில் காலம் முழுவதும் அது குசினித் தட்டில் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் கிடக்கும். தீவுப்பகுதியில் கொடி வளர்ப்பதற்கு இதைவிடப் புத்தியான வழி எனக்குத் தெரியாது.

நான் கூடுதலாகப் போடுவது மயில்மாணிக்கம். நூல் நூலாகப் பிரிந்த இலை, ஐந்து முனையோடு விரியும் கடும் சிவப்புப் பூ, பூவுக்கு அடியில் ஒரு ஒடுங்கிய குழாய். மெக்சிக்கோவும் அதை அண்டிய வெப்ப நாடுகளும் அதன் சொந்த இடம். அதற்குப் பக்கத்தில் நீல நிற மோர்னிங் குளோரி. இரண்டும் ஐப்போமியா என்ற ஒரே பேரினம். அந்த இனத்தின் உள்ளூர்க்காரர்களை நீங்கள் அறிவீர்கள்: தோட்டத்து வத்தாளை, சந்தையில் கட்டுக் கட்டாக விற்கும் கங்குன், சாட்டிக் கடற்கரை மணலில் படர்ந்து கிடக்கும் அடம்பன். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்கிறோமே, அதே கொடி. அடம்பன் உப்பிலேயே வாழும். அதைக் கண்டுவிட்டு மயில்மாணிக்கமும் உப்பைத் தாங்கும் என்று நம்பிவிடக் கூடாது. உருவத்தில்தான் உறவு, குணத்தில் இல்லை.

விதைக்க நல்ல நேரம் தீபாவளிக்கும் சூரன்போருக்கும் இடைப்பட்ட கிழமை. புரட்டாசிக் கடைசியில் ஒரு மழை வந்து ஆசை காட்டும், பிறகு நாலைந்து நாள் வெயில் எறிக்கும். அந்த மழையை நம்பிப் போட்ட விதை முளைவிட்டுக் கருகும். மண்ணைக் கையால் தோண்டிப் பாருங்கள், ஒரு சாண் ஆழத்துக்கு ஈரம் இறங்கியிருந்தால் போடலாம். அப்படிப் போட்டால் விளக்கீட்டுக்குக் கொடி அரை வேலி ஏறியிருக்கும், திருவெம்பாவைக் காலத்தில் முதல் பூக்கள் வரும், தைப்பொங்கலன்று வேலி சிவந்திருக்கும். மாசி நடுப்பகுதியில் இலை மஞ்சளாகும். அத்தோடு சரி.

மழைதான் தெய்வம் என்றாலும் அந்தத் தெய்வம் சில நேரம் அளவு தெரியாமல் கொடுக்கும். கார்த்திகையில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் வந்தால் இரண்டு மூன்று நாளுக்கு வளவு குளமாகிவிடும். 2008 நவம்பரில் நிஷா புயல் யாழ்ப்பாணத்தையே வெள்ளத்தில் வைத்தது பலருக்கு நினைவிருக்கும். இந்தக் கொடியின் வேர் ஈரத்தை விரும்பும், தேங்கிய தண்ணீரை விரும்பாது. அதனால் குழிக்குள் விதைப்பதை விட்டு, ஒரு சாண் உயரத்துக்கு மேடு கட்டி அதன்மேல் விதைக்க வேண்டும். மழை குறைந்த வருசத்திலும் மேட்டால் நட்டமில்லை, அடியில் குப்பை போட்டிருந்தால்.

அந்தக் குப்பையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பல வளவுகளில் ஒரு முழம் தோண்டமுன் அலவாங்கு கல்லில் இடிக்கும். உடைத்து ஆழமாக்க மினக்கெட வேண்டாம். கல்லுக்கு மேலே வெட்டிப்போட்ட பழைய பனையோலையைப் பரப்பி, அதன்மேல் உக்கின குப்பையும் மண்ணும் பாதிப் பாதி போட்டு உயர்த்தினால் போதும். ஓலை மெதுவாக உக்கும், ஈரத்தைப் பிடித்து வைக்கும். தோட்டங்களில் ஓலை தாழ்த்த எங்கள் முன்னோர் சும்மா மினக்கெடவில்லை. கரையொதுங்கிய சாதாளையும் நல்ல பசளைதான், ஆனால் அது ஒரு மாரி முழுக்க மழையில் கிடந்து உப்பு கழுவுப்பட்ட பிறகுதான் வளவுக்குள் வரவேண்டும். இந்த வருசம் அள்ளியது அடுத்த வருசத்துக்கு.

ஆட்டெரு ஒரு கைப்பிடிக்கு மேல் போடாதீர்கள். யூரியாவைக் கிட்டவும் கொண்டுவர வேண்டாம். நைதரசன் கூடினால் கொடி பச்சையாகப் பொங்கும், பார்ப்பவர்கள் புகழ்வார்கள், பூ மட்டும் இருக்காது. வளம் குறைந்த மண்ணில்தான் இது பூக்க அவசரப்படும். மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் அள்ளிக் கொட்டிப் பழகிய கைகளுக்கு இது விளங்க நாளெடுக்கும்.

விதை கறுப்பு மண்ணிறம், ஓடு கடினம். அப்படியே போட்டால் ஒன்று இன்றைக்கு முளைக்கும், இன்னொன்று மூன்று கிழமை கழித்து எழும்பும். நகவெட்டியால் ஒரு ஓரத்தைக் கொஞ்சமாகக் கிள்ளிவிட வேண்டும், அல்லது வாசல் சீமெந்துப் படியில் உள்ளே வெள்ளை தெரியும்வரை உரைக்க வேண்டும். விதையில் சிறு தழும்பு போன்ற கண் இருக்கும், முளை அந்தப் பக்கம்தான் வரும். அதற்கு எதிர்ப்பக்கத்தையே கிள்ளுங்கள். பிறகு இரவு தண்ணீரில் ஊறவிட்டால் விடியும்போது நன்றாக ஊதியிருக்கும். ஊதாமல் கிடப்பவற்றை எடுத்து இன்னொருமுறை உரைத்துப் போடலாம். அரை அங்குல ஆழம், ஒரு சாண் இடைவெளி. ஒரு கிழமைக்குள் தலை காட்டும்.

முளைத்த கன்றைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் முகம் சுண்டி நிற்கும், ஆணிவேர் அசைவதை அது விரும்பாது. வெள்ளத்துக்குப் பயந்து முதலில் விறாந்தையில் வளர்க்க விரும்பினால் பனையோலையில் பிளா கோலி, அதற்குள் மண் நிரப்பி விதை போடுங்கள். பிறகு பிளாவோடேயே மேட்டில் தாழ்த்திவிடலாம். ஓலையைப் பிரிக்கத் தேவையில்லை, அடியை மட்டும் கிழித்துவிட்டால் வேர் தன் வழியைப் பார்த்துக்கொள்ளும்.

இனி ஏற்றம். எல்லாக் கொடியும் ஒரே மாதிரி ஏறுவதில்லை. பாகலும் பீர்க்கும் புடோலும் சுருள் கம்பி விட்டுப் பிடிக்கும், அவற்றுக்குப் பந்தலும் சுள்ளியும் பிடிக்கும். இதே மழையில் வேலிக்குள் இருந்து எழும்பும் கார்த்திகைப்பூவுக்கு இலையின் நுனியே கை. மயில்மாணிக்கத்துக்கும் மோர்னிங் குளோரிக்கும் இவை ஒன்றுமில்லை, தண்டுதான் முழுவதையும் செய்ய வேண்டும். இளம் நுனி காற்றில் வட்டம் போட்டுத் தேடும், எதிலாவது முட்டினால் அதைச் சுற்றும். சார்ள்ஸ் டார்வின் 1865இல் ஏறுகொடிகளைப் பற்றி எழுதியபோது, வீட்டுக்குள் தொட்டிகளில் கொடிகளை வைத்து இந்த வட்டங்களை மணிக்கூட்டோடு அளந்திருக்கிறார். நல்ல வெப்பமான நாட்களில் அவருடைய ஹொப்ஸ் கொடி சுமார் இரண்டு மணித்தியாலத்தில் ஒரு வட்டம் முடித்தது. எங்கள் கொடிகளில் இதைப் பார்க்கக் கருவி ஒன்றும் வேண்டாம். காலைத் தேத்தண்ணி நேரத்தில் நுனி எந்தக் கதிகாலைப் பார்த்து நிற்கிறது என்று கவனித்து வையுங்கள், உலை வைக்கும் நேரத்தில் அது வேறு பக்கம் பார்க்கும்.

தண்டே சுற்றுவதால் சுற்றப்படும் பொருள் மெல்லியதாக இருக்கவேண்டும். தடித்த பூவரசங் கதிகாலைக் கொடியால் சுற்ற முடியாது, பிவிசி குழாயில் வழுக்கி வழுக்கிக் கீழே குவியும். கிடுகு வேலியில் அங்கங்கே ஈர்க்கைப் பிடித்து ஏறினாலும் பிறகு கொத்தாகத் தொங்கிவிடும். சிறந்தது தும்புக் கயிறு. நிலத்தில் ஒரு முளை அடித்து அதிலிருந்து வேலியின் மேல் வரிச்சுக்கு, விரலளவுகூடத் தடிப்பில்லாத கயிறுகளை ஒரு சாண் இடைவெளியில் இழுத்துக் கட்டுங்கள். கயிற்றின் சுணை தண்டை வழுக்கவிடாது. பழைய மீன்வலையைக் கட்டுகிறவர்களும் உண்டு, தீவுப்பகுதியில் அது சும்மா கிடைக்கும். கொடி அதில் நன்றாகத்தான் ஏறும். எனக்கு அது பிடிப்பதில்லை. ஓணானும் பாம்பும் சிக்கிக் கிடக்கும், மாசியில் காய்ந்த கொடியை நைலோன் கண்களுக்குள்ளிருந்து பிரிப்பது பேன் பார்ப்பதை விட மோசம். தும்புக் கயிறென்றால் கொடியோடு சேர்த்து அறுத்துக் குப்பைக் கிடங்கில் போட்டுவிடலாம்.

ஒரு நுணுக்கம். இந்த இனம் சுற்றுவது ஒரே பக்கம்தான். முன்னால் நின்று பார்த்தால் தண்டு இடது கீழிருந்து வலது மேலாக ஏறும். விலகி விழுந்த நுனியை எடுத்துக் கயிற்றில் விடும்போது அந்தப் போக்கிலேயே விடுங்கள். மறுபக்கமாகச் சுற்றி, நூலால் கட்டியும் விட்டால், அடுத்த நாள் அது தன்னைக் கழற்றிக்கொண்டு நிற்கும், அல்லது கழற்றப் பார்த்து முறியும்.

வேலியின் எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். மாரியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும், கடலுக்குக் கிட்டிய வளவுகளில் உப்புத் துமியோடு வரும். அதே மாதங்களில் சூரியன் தெற்கே சரிந்து போகும். ஆகவே கிழக்கு மேற்காக ஓடும் வேலியின் தெற்குப் பக்கம்தான் இடம்: வெயிலும் விழும், வாடைக்கு வேலி மறைப்பாகவும் இருக்கும். வடக்குப் பக்கத்தில் நட்டால் மார்கழியில் நிழலும் காற்றும் சேர்ந்தே கொல்லும்.

இலையைப் பார்த்து நோயறிவதில் இந்த மண்ணில் இரண்டு விசயங்களைப் பிரித்தறிய வேண்டும். புது இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இருக்கும், சுண்ணாம்பு அதை வேருக்குக் கொடுக்காது. உக்கல் குப்பையைக் கூட்டினால் மெல்ல மாறும். பழைய இலைகளின் ஓரம் தீய்ந்து மண்ணிறமானால் அது உப்பு. அதற்கு மழையோ நல்ல தண்ணீரோதான் மருந்து. மயில்மாணிக்கத்தின் நூல் இலையில் நரம்பைப் பார்க்க முடியாது, அதனால் அகல இலைக்கார மோர்னிங் குளோரி ஒன்றைப் பக்கத்தில் போட்டு வைத்தால் அது முதலில் சொல்லிவிடும். இரண்டுக்கும் தெரிந்த வைத்தியமாக யூரியாவைக் கரைத்து ஊற்றுபவர்கள் பலர். உப்பில் நிற்கும் கொடிக்கு அது இன்னும் உப்பு.

எதிரிகள் அதிகமில்லை. மயிர்க்கொட்டி அங்கொன்று இங்கொன்றாக வரும், தடியால் தட்டிவிடலாம். நத்தைதான் கேடு. மாரியில் இரவோடிரவாக ஒரு வரிசைக் கன்றை வழித்துவிடும். சாம்பல் வட்டம் போடச் சொல்வார்கள், பெய்யும் மழையில் எந்தச் சாம்பல் நிற்கும்? ரோச் லைற்றோடு போய்ப் பொறுக்குவது ஒன்றுதான் வழி. கட்டாக்காலி மாடுகளுக்கு முள் வைத்து அடைத்த படலை. ஆடு எதற்கும் அடங்காது, அது தனிக் கதை.

பக்கத்து வளவு ஆச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து ஒருநாள் கேட்டா:

“ஏன் பிள்ளை, உது காய்க்குமோ?”

“இல்லை ஆச்சி, பூ மட்டுந்தான்.”

“அப்ப உந்தப் பசளைக்கு ரெண்டு புடோல் போட்டிருக்கலாமே.”

ஆச்சி சொன்னதில் நியாயம் இருக்கிறது. யாழ்ப்பாணத்து வளவில் காய்க்காத கொடிக்கு இடம் கேட்பது கொஞ்சம் துணிச்சல்தான். இப்போது தெற்கு வேலியில் பூங்கொடி, கிணற்றடியில் புடோல் பந்தல். புடோலுக்கும் பூவில் குறைவில்லை, பொழுதுபட்ட பிறகு வெள்ளை நூல் விளிம்போடு விரியும், ஆனால் அதைப் பார்க்க யாரும் போவதில்லை, காயின் நுனியில் கல்லுக் கட்டியிருக்கிறதா என்றுதான் பார்ப்போம். வேலிக் கொடியில் இன்னொரு ராசதந்திரமும் தேவை. கொடிக்கு எல்லைக்கோடு தெரியாது, அது மற்றப் பக்கம் போய்ப் பூக்கும். யாழ்ப்பாணத்தில் கதிகால் ஒரு சாண் தள்ளி நட்டதற்கே கோடேறியவர்கள் இருக்கிறார்கள். நடமுன் பக்கத்து வளவுக்காரருக்கு ஒரு சொல் சொல்லிவிடுங்கள், முதல் விதையில் ஒரு பிடியும் கொடுத்துவிடுங்கள்.

பூ விடியற்காலையில் விரிந்து மத்தியானத்துக்குள் சுருங்கும். சாமிக்கு வைக்க இது சரிவராது, செவ்வரத்தையும் நந்தியாவட்டையும்தான் அதற்கு. காலை வெயில் ஏறமுன் பார்க்கவேண்டிய பூ இது. அந்த நேரத்தில் தேன்சிட்டும் வரும், கயிற்றில் குந்திக்கொண்டு குழாய்க்குள் அலகை விடும். நீல மோர்னிங் குளோரியில் வேறொரு வேடிக்கை. இரவில் மொட்டாக இருக்கும்போது ஊதாச் சிவப்பு, விரியும்போது வான் நீலம். இதழின் கலங்களுக்குள் உள்ள சாறு காரத்தன்மைக்கு மாறுவதுதான் காரணம். ஜப்பானிய ஆய்வாளர்கள் 1995இல் அதை அளந்து, பிஎச் 6.6இலிருந்து 7.7க்கு ஏறுவதாகக் கண்டார்கள். அங்கே இந்தக் கொடி பெரிய விசயம். தோக்கியோவில் இரியா என்ற இடத்தில் ஒவ்வொரு வருசமும் யூலை 6 முதல் 8 வரை மோர்னிங் குளோரிச் சந்தையே கூடுகிறது.

ரொறன்ரோவிலிருக்கும் மருமகள் ஆடி, ஆவணியில் எடுத்து, “மாமி, இலை மட்டுந்தான் வருது” என்பாள். அங்கே பூக்காததற்கு மண் காரணமில்லை, பகல்தான் காரணம். இந்த இனத்தில் பலவும் இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். ஜப்பானிய வகை ஒன்றின் இளங்கன்றுக்கு ஒரே ஒரு நீண்ட இரவு கிடைத்தாலே போதும். சரவணையில் வருசத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடத்தான், நாங்கள் அதை நினைப்பதே இல்லை. ரொறன்ரோவில் யூன் மாதப் பகல் 15 மணித்தியாலத்தைத் தாண்டும். அதனால் புரட்டாசி கிட்டத்தான் பூக்கும், பூத்துக்கொண்டிருக்கும்போதே உறைபனி வந்து கொட்டிவிடும். சித்திரையில் வீட்டுக்குள் சட்டியில் விதைத்து, குளிர் முற்றாக விட்ட பிறகு, மே கடைசியில் வெளியே வைத்தால் கொடி தயாராக நிற்கும். இன்னொன்று, வாசல் லைற் இரவிரவாக எரியும் இடத்தில் இதை வைக்கக் கூடாது. அந்த வெளிச்சம் அதற்குப் பகல்தான். விதையைக் கடித உறைக்குள் வைத்து அனுப்பச் சொல்லிக் கேட்பவர்களுக்கு நான் அனுப்புவதில்லை. கனடாவும் அவுஸ்திரேலியாவும் விதை விசயத்தில் கடும் சட்டம் வைத்திருக்கின்றன, அந்தந்த ஊர்க் கடையிலேயே வாங்கலாம்.

மாசியில் காய்கள் மண்ணிறமாகி விரலால் அமர்த்தினால் உடையும் பதத்துக்கு வரும். ஒரு காயில் பெரும்பாலும் நாலு விதை. பச்சைக் காயைப் பறித்துக் காயவைத்தால் முளைப்பு குறையும். நிழலில் உலர்த்தி, அடியில் கொஞ்சம் அடுப்புச் சாம்பல் போட்ட போத்தலில் இறுக்கி மூடி, பிள்ளைகளுக்கு எட்டாத தட்டில் வையுங்கள். நீல மோர்னிங் குளோரி விதையைத் தின்றால் சத்தியும் தலைச்சுற்றும் வரும், மனமும் தடுமாறும். கொடியை அடியோடு அறுத்து எடுங்கள், வேர் மண்ணிலேயே உக்கட்டும்.

எத்தனை கவனமாகப் பொறுக்கினாலும் பாதி விதை நிலத்தில் விழும். அடுத்த ஐப்பசியில் நீங்கள் போடாத இடமெல்லாம் அது முளைக்கும். அடையாளம் காண்பது சுலபம், முதல் இரண்டு இலையும் நடுவில் பிளந்து கவராக இருக்கும். வேலியோரம் வந்ததை விட்டுவிடலாம். வத்தாளைப் பாத்திக்குள் வந்ததை அந்தக் கவர் இலையிலேயே பிடுங்கிவிடுங்கள். சுற்றத் தொடங்கிய பிறகு இழுத்தால் வத்தாளைக் கொடியும் சேர்ந்துதான் வரும்.